இரண்டாவது சீட்டு

1

பெங்களூரில் நாங்கள் நான்கு பேர் ஒரு வீடு எடுத்துத் தங்கியிருந்த காலத்தில் சனிக்கிழமை இரவுகளில் போக்கர் ஆடுவோம். ஆளுக்கு 500 ரூபாய். தீர்ந்துபோனால் இன்னொரு 500 போட்டு உட்காரலாம். ஜெயித்தவன் மறுநாள் மதியம் எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தர வேண்டும். அதனால் அதைச் சூதாட்டம் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. பிரியாணிக்குப் பணம் திரட்டும் சுற்றுவழி, அவ்வளவுதான்.

ஓர் இரவு என் கைக்கு இரண்டு எட்டு வந்தது. மேசையில் விரித்த முதல் மூன்று சீட்டு கிங், எட்டு, மூன்று. ஆக என்னிடம் மூன்று எட்டு. எதிரில் இருந்தவன் என் கல்லூரித் தோழன். வேலை போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. அவன் பெட் வைத்தான். நான் எதுவும் ஏற்றாமல் வெறுமனே கால் பண்ணினேன். நான்காவது சீட்டும் எட்டு. நான்கு எட்டும் இப்போது என் பக்கம். அவன் மறுபடி பெட் வைத்தான். நான் மறுபடி, கொஞ்சம் தயங்குவதுபோல, கால் பண்ணினேன். ஐந்தாவது சீட்டு ஏஸ். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். மிச்சமிருந்த 1,800 ரூபாயையும் தள்ளி ‘ஆல்-இன்’ என்றான்.

அந்த மேசையில் என்னை வெல்லக்கூடிய கையே கிடையாது. அது எனக்குத் தெரியும். அப்படியும் நான் தலையைச் சொறிந்தேன். சீட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். “என்னடா இப்படி மாட்டி விட்டுட்ட” என்றேன். இரண்டு நிமிடம் இருக்கும். “போட்டுத்தான் பாரேன்டா” என்று அவன் கெஞ்சலும் சிரிப்புமாகச் சொன்னான். “சரி, ஆனது ஆகட்டும்” என்று கால் பண்ணினேன்.

அவன் இரண்டு ஏஸைத் திருப்பினான். மேசையில் இருந்த ஏஸோடு மூன்று ஏஸ், இரண்டு எட்டு. ஃபுல் ஹவுஸ். அப்படி ஒரு கை வருடத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். நான் ஓர் எட்டை மட்டும் திருப்பினேன். மூன்று எட்டுதானே என்று அவன் சிப்ஸை இழுக்கக் கை நீட்டினான். “இரு மச்சான்” என்றேன். பிறகு, மெதுவாக, இரண்டாவது சீட்டு.

அறையே சிரித்தது. அவனும் சிரித்தான் என்றுதான் நினைத்தேன்.

எல்லோரும் படுக்கப் போன பிறகு சமையலறையில் அவன் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பாமலே கேட்டான்: “ஜெயிச்சதுல ஒண்ணும் இல்லடா. அந்த ரெண்டாவது சீட்டைத் திருப்ப எதுக்கு அவ்ளோ நேரம்?”

“சும்மா, ஜாலிக்குடா” என்றேன்.

அதற்குப் பிறகு அவன் எங்களோடு சீட்டாட உட்காரவில்லை. சண்டை எதுவும் இல்லை. ஏதாவது ஒரு வேலை சொல்லிக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவான். சில மாதங்களில் வேறு ஊரில் வேலை கிடைத்துக் கிளம்பினான்.

எனக்கு நெடுநாள் புரியாமல் இருந்தது இதுதான். அந்தக் கை முழுக்க நான் அவனை ஏமாற்றிக்கொண்டுதான் இருந்தேன். பலமான சீட்டை வைத்துக்கொண்டு பலவீனமானவன்போல இரண்டு சுற்று உட்கார்ந்திருந்தேன். அவன் பணத்தைப் பறித்தது அந்த ஏமாற்றுதான். அதில் அவனுக்குப் புகார் இல்லை. கடைசித் தாமதத்தால் அவனுக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை. புகார் அதன் மேல்தான். பணத்தைப் பறித்த பொய்யை மன்னித்தவன், எதையும் பறிக்காத தாமதத்தை ஏன் மன்னிக்கவில்லை?

2

போக்கர் ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாக. உலகம் முழுக்க அதிகம் ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டம் வகையில் ஆளுக்கு இரண்டு சீட்டு ரகசியமாகத் தரப்படும். மேசையில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக, முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று என்று விரியும். ஒவ்வொரு கட்டத்திலும் பெட் வைக்கலாம், வைக்காமல் கடத்தலாம், மற்றவர் வைத்ததை ஈடுகட்டலாம், ஏற்றலாம், சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம். எதிராளியின் இரண்டு சீட்டு உங்களுக்குத் தெரியாது. அவரைப் பற்றி உங்களிடம் இருக்கும் தகவல் இரண்டே: எவ்வளவு வைக்கிறார், எவ்வளவு நேரம் எடுத்து வைக்கிறார்.

பலமான சீட்டு கைக்கு வந்தவுடன் புதிதாக ஆடுகிறவர் செய்வது பெரும்பாலும் நான் செய்ததைத்தான். பதுங்குவார். இதற்கு ஸ்லோ பிளே என்று பெயர். பெரிதாக வைத்தால் எதிராளி ஓடிவிடுவாரே என்ற பயம். ஆனால் கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. நடுவில் இருக்கும் தொகை, அதாவது பாட், 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று சுற்றிலும் பாட் அளவுக்கே பெட் வைத்து எதிராளி ஈடுகட்டிக்கொண்டே வந்தால் அது 300, 900, 2,700 என்று வளரும். அவர் போட்டது மொத்தம் 1,300. முதல் சுற்றில் மட்டும் நீங்கள் பதுங்கிவிட்டால் பாட் 300, 900 என்று நின்றுவிடும். அவர் போட்டது 400. ஒரே ஒரு சுற்று சும்மா இருந்ததன் விலை 900 ரூபாய். கடைசியில் எவ்வளவு பெரிதாக வைத்தாலும் வளர்ந்திராத பாட்டின் மேல்தான் வைக்க முடியும்.

அதனால்தான் தேர்ந்த ஆட்டக்காரர்கள் பலமான சீட்டை முக்கால்வாசி நேரம் வேகமாக, நேரடியாக ஆடுகிறார்கள். முதலிலிருந்தே பெட் வைக்கிறார்கள். உண்மையைச் சொல்வதுதான் அங்கே அதிக லாபம். பதுங்கலுக்கும் இடம் உண்டு. எதிராளி தானே முன்வந்து வைப்பவராக இருந்தால், அவர் பிடித்துக்கொண்டிருக்க ஏதாவது இருந்தால், மேசைச் சீட்டு அவரைத் திடீரென்று காப்பாற்றிவிடும் அபாயம் குறைவாக இருந்தால்.

இதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் 1988இல் நடந்தது. லாஸ் வேகாஸின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர் இறுதி ஆட்டம். முந்தைய ஆண்டு சாம்பியன் ஜானி சான் ஒரு பக்கம். மறுபக்கம், அந்தப் போட்டிக்குப் புதியவரான எரிக் சைடல். மேசையில் முதல் மூன்று சீட்டு குயின், பத்து, எட்டு. சானின் கையில் ஜாக்கும் ஒன்பதும். எட்டிலிருந்து குயின் வரை ஐந்தும் வரிசையாகச் சேர்ந்துவிட்டது. சைடலிடம் ஒரு குயின். ஒரு ஜோடி. சான் தன் பலத்தைக் காட்டாமல் காத்திருந்தார். கடைசியில் சைடல் தன் சிப்ஸ் அனைத்தையும் நடுவில் தள்ளினார். சான் ஈடுகட்டினார். முதல் பரிசு 7,00,000 டாலர். பத்தாண்டு கழித்து வந்த ‘ரவுண்டர்ஸ்’ திரைப்படத்தில் அந்தக் காட்சியையே கதாநாயகன் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்ப்பான்.

தோற்ற சைடல் பிற்காலத்தில் உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரானார். சான் செய்தது துரோகம் என்று போக்கர் உலகில் யாரும் பேசுவதில்லை. அதைப் பாடமாகத்தான் சொல்லித் தருகிறார்கள்.

3

அப்படியானால் ஸ்லோ பிளே பொய் இல்லையா?

பொய்யைப் பற்றி மிகக் கறாராகப் பேசியவர் காண்ட். கொலைகாரன் வந்து உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக்கூடாது என்று 1797இல் ஒரு கட்டுரை எழுதி இன்றுவரை திட்டு வாங்கிக்கொண்டிருப்பவர். அதே காண்ட் தன் அறவியல் வகுப்புகளில் இன்னோர் உதாரணமும் தந்திருக்கிறார். நான் என் பெட்டியைக் கட்டுகிறேன். பார்ப்பவர்கள் நான் ஊருக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி நினைக்க வேண்டும் என்றுதான் கட்டவும் செய்கிறேன். ஆனாலும் இது பொய்யாகாது என்கிறார். நான் எதையும் அறிவிக்கவில்லை, என் எண்ணத்தை அறிவிக்கும்படி கேட்க அவர்களுக்கு உரிமையும் இல்லை.

முதலில் படித்தபோது வக்கீல் பேச்சு மாதிரி இருந்தது. ஆனால் போக்கர் மேசைக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. பெட் என்பது ஒரு வாக்கியம் இல்லை. “என்னிடம் பலமான சீட்டு இருக்கிறது” என்று அது சொல்வதில்லை. அது ஒரு விலை. “மேலே தொடர வேண்டுமானால் இவ்வளவு கொடு” என்கிறது. அந்த விலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஊகிப்பது உங்கள் வேலை. ஊகிக்கத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கணிதம் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகிறது. கேம் தியரியின் மூலவர்களில் ஒருவரான ஜான் ஃபான் நாய்மன், ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னோடு சேர்ந்து 1944இல் வெளியிட்ட பெரிய நூலில் எளிமையாக்கப்பட்ட ஒரு போக்கரை ஆராய்ந்தார். ப்ளஃப் என்பது குணக்கேடோ துணிச்சலோ இல்லை, சரியாக ஆடுவதில் அடங்கிய ஒரு பகுதி என்று அதில் தெரியவந்தது. நீங்கள் பலமான சீட்டில் மட்டுமே பெட் வைப்பவர் என்று தெரிந்துவிட்டால் யாரும் உங்களுக்கு ஒரு பைசா தரமாட்டார்கள். உங்கள் உண்மைக்கு விலை கிடைக்க வேண்டுமென்றால் அதோடு கொஞ்சம் பொய் கலந்திருக்க வேண்டும்.

எவ்வளவு கலக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு, அது பெட்டின் அளவைப் பொறுத்தது. பாட்டில் 100 இருக்கும்போது 50 வைத்தால், எதிராளி 50 போட்டு 150 ஜெயிக்கப் பார்க்கிறார். நான்கில் ஒரு முறை அவர் ஊகம் சரியாக இருந்தால் போதும். ஆகவே கடைசிச் சுற்றில் மூன்று பலமான கைக்கு ஒரு ப்ளஃப் என்பது சமநிலை. 100 வைத்தால் இரண்டுக்கு ஒன்று. 200 வைத்தால் மூன்றுக்கு இரண்டு. குரல் பெரிதாகப் பெரிதாக அதில் பொய்க்கான இடமும் கூடிக்கொண்டே போகிறது. இதைப் படித்த நாளிலிருந்து அரசியல் மேடைகளை நான் கொஞ்சம் வேறு மாதிரி கேட்கிறேன்.

ஆக, மேசையின் மேல் மறைப்பதும் மிகைப்படுத்துவதும் ஆட்டத்தின் மொழி. உட்காரும்போதே எல்லோரும் அதற்குச் சம்மதித்துவிட்டார்கள். அவனும் சம்மதித்திருந்தான். நான் எட்டுகளை மறைத்தது அவனுக்கு எதிரான குற்றம் ஆகாது. அடுத்த கையில் அவனும் என்னிடம் அதையே செய்திருப்பான்.

4

பெட்டின் அளவு இப்படி என்றால், நேரம்?

மைக் காரோ என்பவர் 1984இல் போக்கர் ஆட்டக்காரர்களின் உடல்மொழி பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதன் சாரம் எளிமையானது. பலமாக இருப்பவர் பலவீனமாக நடிப்பார், பலவீனமாக இருப்பவர் பலமாக நடிப்பார். பெருமூச்சு விட்டு, தோளைக் குலுக்கி, “சரி பாத்துக்கலாம்” என்று சிப்ஸை வைப்பவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

நேரமும் இப்படித்தான் காட்டிக்கொடுக்கிறது. யோசிக்க ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒருவர் நீண்ட நேரம் யோசித்தால் அவர் நடிக்கிறார். மிக வேகமாக ஈடுகட்டினால் பெரும்பாலும் நடுத்தரமான சீட்டு. விலகவும் மனமில்லை, ஏற்றவும் வழியில்லை. முகமே தெரியாத இணைய ஆட்டத்தில் இந்த விநாடிகள் மட்டும்தான் முகம்.

இதற்குத் தேர்ந்த ஆட்டக்காரர்கள் கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. அவர்கள் இன்னும் நன்றாக நடிக்கப் பழகுவதில்லை, நடிப்பையே விட்டுவிடுகிறார்கள். சீட்டு எதுவாக இருந்தாலும் சில விநாடி காத்திருந்து, ஒரே மாதிரி கையை நீட்டி, அந்த இடத்துக்கு உரிய அதே அளவை வைப்பார்கள். பலமான கைக்கும் வெறுங்கைக்கும் ஒரே வேகம், ஒரே அளவு. பொய் சொல்லாமல் மறைக்க இதைவிட நல்ல வழி இல்லை. மருத்துவரிடமும் நீதிபதியிடமும் நாம் எதிர்பார்ப்பது இதைத்தான். விஷயம் தெரிந்தும் தெரியாத முகம்.

ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு என்று தோன்றுகிறது. வாரத்தில் ஐம்பது மணி நேரம் ஒரே முகத்தோடு இருக்கப் பழகியவர் வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது அந்த முகத்தைக் கழற்றி மாட்டிவைக்க முடிகிறதா? பதில் ஆளுக்கு ஆள் மாறும். கேள்வியைக் கேட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான லிப்ரேட்டஸ் என்ற கணினி நிரல், நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 கைகள் ஆடிப் பெரும் வித்தியாசத்தில் வென்றது. பாட்டைவிடப் பல மடங்கு பெரிய பெட்டுகளை அது சர்வசாதாரணமாக வைத்தது. ப்ளஃப் செய்தது. பலமான கையில் பதுங்கவும் செய்தது. மனிதர்கள் செய்யும் எல்லா ஏமாற்றும் அதற்குத் தெரிந்திருந்தது, மனிதர்களைவிட நன்றாக.

ஆனால் நான் அன்றிரவு செய்ததை அது ஒருநாளும் செய்யாது. அதில் ஒரு ரூபாய் லாபமும் இல்லை.

5

நான் செய்ததற்குப் போக்கரில் ஒரு பெயர் இருக்கிறது என்று பின்னால்தான் தெரிந்தது. ஸ்லோ ரோல். வெல்வது உறுதி என்று தெரிந்த பிறகும் ஈடுகட்ட நேரம் கடத்துவது, சீட்டைத் திருப்பத் தாமதிப்பது, எதிராளியைக் கொஞ்ச நேரம் ஜெயித்தவனாக உணரவிட்டுப் பிறகு பிடுங்குவது. மிக மோசமான நடத்தை என்று போக்கர் உலகம் ஒருமனதாகக் கருதுவது இதைத்தான். லட்சக்கணக்கில் ப்ளஃப் செய்தவனோடு கைகுலுக்குவார்கள். ஸ்லோ ரோல் செய்தவனோடு குலுக்கமாட்டார்கள்.

ஸ்லோ பிளே, ஸ்லோ ரோல். இரண்டிலும் கையில் இருப்பது பலமான சீட்டு. இரண்டிலும் செய்வது தாமதம். ஒன்று பாடம், மற்றது இழிவு. என்ன வித்தியாசம்?

நான் கண்ட பதில் இது. ஸ்லோ பிளே நடக்கும்போது எதிராளிக்கு இன்னும் ஒரு முடிவு பாக்கி இருக்கிறது. அவர் விலகலாம், சந்தேகப்படலாம், என் தயக்கத்தைப் படித்துவிட்டு “இவன் நடிக்கிறான்” என்று தப்பிக்கலாம். என் மறைப்பு அவருடைய அறிவோடு மோதுகிறது. அவரை ஒரு ஆட்டக்காரராக மதிப்பதால்தான் நான் இவ்வளவு மெனக்கெடுகிறேன். ஆல்-இன் சொன்ன பிறகு அவருக்கு எந்த முடிவும் பாக்கி இல்லை. எதைப் படித்தாலும் எதைக் கண்டுபிடித்தாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த இரண்டு நிமிடம் நான் அவரோடு ஆடவில்லை. அவரை வைத்து ஆடினேன்.

ஏமாற்று அறத்தை மீறுகிறதா என்பதற்கு இதை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம் என்று நினைக்கிறேன். எதிரில் இருப்பவருக்கு இன்னும் ஒரு வழி இருக்கிறதா? இருந்தால் அது போட்டி. இல்லையென்றால், மிச்சமிருப்பது பார்த்து ரசிப்பது மட்டும்தான். நேர்காணலில் ஆள் வேண்டாம் என்று முடிவெடுத்த பிறகும் அரை மணி நேரம் கேள்வி கேட்டுச் சிரிக்கும் அதிகாரி. விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு “நீ என்ன நினைக்கிற, பாஸா ஃபெயிலா?” என்று பையனை நிற்கவைக்கும் ஆசிரியர். இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அங்கே ஏதோ ஒன்று அழுகியிருக்கிறது என்று நமக்குத் தெரிகிறது.

அதைவிட விநோதமானது விதிப்புத்தகம். போக்கர் போட்டிகளில் இரக்கத்துக்குத் தடை உண்டு. நண்பன் என்பதால் ஒருவரிடம் பலமான சீட்டை வைத்துக்கொண்டு வேண்டுமென்றே மென்மையாக ஆடினால் அது சாஃப்ட் பிளே, தண்டனைக்குரிய குற்றம். காரணம் நியாயமானதுதான். அவனுக்கு நான் காட்டும் தயவு மேசையில் இருக்கும் மற்றவர்களுக்கு நஷ்டம். ஆனால் ஸ்லோ ரோலுக்குப் பெரும்பாலும் தண்டனை இல்லை. யாருக்கும் சிப்ஸ் நஷ்டமில்லையே. விதிகள் பணத்தைப் பாதுகாக்கின்றன, மனிதரைப் பாதுகாப்பதை நம்மிடம் விட்டுவிடுகின்றன. அறம் என்று நாம் சொல்வது விதிப்புத்தகம் மௌனமாக இருக்கும் அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

6

இங்கே ஓர் ஆபத்தும் இருக்கிறது. ‘எல்லாம் ஆட்டம்தான்’ என்ற வாதம்.

1968இல் ஆல்பர்ட் கார் என்பவர் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். வணிகமும் போக்கர் மாதிரிதான், அங்கே மறைப்பதும் மிகைப்படுத்துவதும் ஆட்டத்தின் விதி, தனிவாழ்க்கையின் அறத்தை அங்கே கொண்டுவராதீர்கள் என்பது அதன் வாதம். ஐம்பது ஆண்டுகள் தாண்டியும் வணிக அறவியல் வகுப்புகளில் அது விவாதிக்கப்படுகிறது. சம்பளப் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்த எவருக்கும் அதில் பாதி உண்மை என்று தெரியும்.

மீதிப் பாதியில்தான் சிக்கல். போக்கர் மேசையில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். உட்கார்ந்தது எதற்கு என்று தெரிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மருந்து வாங்க வந்தவரும் வீட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போடுபவரும் எந்த மேசையில் உட்கார்ந்தார்கள்? தான் ஓர் ஆட்டத்தில் இருப்பதே தெரியாதவரிடம் ப்ளஃப் செய்வதற்கு வேறு பெயர் இருக்கிறது.

நமக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. மகாபாரதத்துச் சூதாட்ட மண்டபத்தில் சகுனி என்ன செய்தான் என்பதைவிட நம்மைத் தொந்தரவு செய்வது பாஞ்சாலியின் கேள்விதான். தன்னையே தோற்றுவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை? அவள் அந்த மேசையில் உட்காரவே இல்லை. தருமன் தோற்றது அவனுடைய ஆட்டம். அவள் இழுத்துவரப்பட்டது ஆட்டத்துக்கு வெளியே நடந்த அநியாயம். வள்ளுவர் சூதைப் பற்றி ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். அங்கே அவர் தோல்வியைக் குறித்து மட்டும் கவலைப்படவில்லை, வெற்றியைக் குறித்தும் கவலைப்படுகிறார்.

அண்மைக்காலச் சட்டங்களும் இதே இடத்தைச் சுற்றித்தான் வந்தன. இணையச் சூதாட்டத்துக்கு எதிரான தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. இரண்டும் திறன் சார்ந்த ஆட்டங்கள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் திறனா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஓரமாக வைத்துவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது.

போக்கர் திறன் ஆட்டமா என்று கேட்டால் நெடுநாள் ஓட்டத்தில் ஆம் என்றுதான் சொல்வேன். மேலே போட்ட கணக்குகள் அதற்கு ஆதாரம். ஆனால் அந்தப் பதில் பிரச்சினையைத் தீர்க்கவில்லை, கூர்மையாக்குகிறது. திறன் ஆட்டம் என்றால் திறன் உள்ளவர் இல்லாதவரிடமிருந்து எடுக்கிறார் என்று பொருள். கைபேசியில் நள்ளிரவில் ஆடுபவர், தன் எதிரே இருப்பவர் ஆயிரக்கணக்கான கைகளின் கணக்கை மென்பொருளில் வைத்துக்கொண்டு ஆடுகிறார் என்று அறிவாரா? தான் பலமான கையில் இரண்டு விநாடியிலும் பலவீனமான கையில் எட்டு விநாடியிலும் பொத்தானை அழுத்துவதை அவர் கவனித்திருப்பாரா? அந்தப் பணம் யாருடையது, மாதக் கடைசியில் யார் அதைத் தேடுவார்கள்? சம்மதம் என்பது ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற கட்டத்தில் டிக் அடிப்பதோடு முடிகிற விஷயமாக எனக்குத் தெரியவில்லை.

7

மறுபடி அந்த அறைக்கு.

இவ்வளவும் யோசித்த பிறகு ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. வேலையில்லாத நண்பன் என்று தெரிந்தும் அவனிடம் 1,800 ரூபாயை ஜெயித்தது சரியா? நான் மென்மையாக ஆடி விட்டுக்கொடுத்திருக்க வேண்டுமா? பல நாள் இதுதான் என் குற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பணத்தை ஏதாவது ஒரு சாக்கில் திருப்பிக் கொடுக்கக்கூடத் திட்டம் போட்டேன்.

இப்போது அப்படித் தோன்றவில்லை. அந்த மூன்று மாதமும் எல்லோரும் அவனிடம் மென்மையாகத்தான் ஆடிக்கொண்டிருந்தோம். வாடகையில் அவன் பங்கைத் தள்ளிப்போட்டோம், ஹோட்டலில் பில்லை அவன் பக்கம் போகவிடமாட்டோம், வேலை பற்றிய பேச்சை அவன் வந்ததும் நிறுத்திவிடுவோம். அவன் எங்களோடு சரிசமமாக உட்கார்ந்த ஒரே இடம் அந்தச் சனிக்கிழமை மேசை. அங்கே அவனுக்கு யாரும் சலுகை காட்டவில்லை. அவன் பெட் வைத்தால் நாங்கள் பயந்தோம். அதனால்தான் கையில் காசில்லாத காலத்திலும் வந்து உட்கார்ந்தான் என்று இன்று நினைக்கிறேன். என் எட்டுகளை மறைத்து முழு பலத்தோடு ஆடியபோது நான் அவனுக்கு அந்த மரியாதையைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன், எனக்கே தெரியாமல்.

பிறகு இரண்டு நிமிடத்தில் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். அவனை மறுபடி எல்லோரும் பார்க்கும் ஆளாக ஆக்கினேன். “ஜெயிச்சதுல ஒண்ணும் இல்லடா” என்று அவன் சொன்னது ஆறுதலுக்காகச் சொன்னது இல்லை. அளந்துதான் சொல்லியிருக்கிறான்.

போன வருடம் ஒரு கல்யாணத்தில் அவனைப் பார்த்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தோம். இப்போது நல்ல வேலை, இரண்டு குழந்தைகள். சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் ஒரு மாதிரி தைரியம் வந்து, “அன்னைக்கு அந்த எட்டு... நான் பண்ணது தப்புடா” என்றேன்.

அவன் உடனே பதில் சொல்லவில்லை. ரசத்துக்குக் குழி பறித்தான். ஊற்றியவர் நகரும்வரை காத்திருந்தான். நான் தலையைக் குனிந்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டிருக்கலாம், அந்தத் தாமதத்துக்கு அவனுக்கு முழு உரிமை இருந்தது.

“எந்த எட்டு?” என்றான்.

உண்மையிலேயே மறந்துவிட்டானா, நடித்தானா என்று அவன் முகத்தில் தேடினேன். ஒன்றும் தெரியவில்லை. அப்பளத்தை உடைத்து என் இலையில் பாதி வைத்தான்.